கறுப்புத் திரையைக் கண்டு ஏன் பயம்?



சற்று நீண்ட பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு மாலையில் வாசியுங்கள்.

கணினியில் ஒரு பிழைச் செய்தி வந்தால் நம் வயதுக்காரர்கள் என்ன செய்கிறோம்? வாசிப்பதில்லை. 'ஓகே' பொத்தானை அழுத்திவிட்டுப் பேரனையோ பக்கத்து வீட்டுப் பையனையோ கூப்பிடுகிறோம். அவன் வந்து ஒரு கறுப்புத் திரையைத் திறந்து இரண்டு சொற்களைத் தட்டுவான். வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடும். கணினி சரியாகிவிடும். நமக்கு அது மந்திரம் போலத் தெரிகிறது.

அது மந்திரம் இல்லை. கேள்வியும் பதிலும்தான். 'உனக்குள் இப்போது யார் யார் வேலை செய்கிறார்கள்? எதை நிறுத்தலாம்? எங்கே பழுது?' என்று கணினியிடம் நாம் கேட்கிறோம், அது பதில் சொல்கிறது. அப்படிக் கேட்கும் வசதி முதல் நாளே கிடைத்துவிடவில்லை. நாற்பது ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் கணினித் துறைக்காரன் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் பெற்று, கரும்பலகையோடு காலம் கழித்தவன். ஓய்வுக்குப் பிறகு ஆர்வத்தால் தேடிப் படித்தேன். இதை ஏன் இப்போது எழுத வேண்டியிருக்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1980-இல் அமெரிக்காவில் சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்று ஒரு சிறு நிறுவனம் இருந்தது. இன்டெல் 8086 சில்லில் இயங்கும் கணினி அட்டை ஒன்றை அவர்கள் தயாரித்திருந்தார்கள். அதில் ஓட்ட ஓர் இயங்குதளம் வேண்டும். வெளியிலிருந்து வர வேண்டியது தாமதமானது. அங்கே வேலை பார்த்த டிம் பேட்டர்சன் என்ற இளைஞர் தாமே ஒன்றை எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'க்யூடாஸ்'. 'அவசரத்துக்கு ஒப்பேற்றிய இயங்குதளம்' என்று அதற்குப் பொருள் சொல்லலாம். 1981 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அதை விலைக்கு வாங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தனிநபர் கணினி வெளிவந்தபோது அதுதான் டாஸ் என்ற பெயரில் அதனுடன் வந்தது.

டாஸில் படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரை, ஒரு துடிக்கும் கோடு, அவ்வளவுதான். அதாவது, இன்று நாம் பார்த்து மிரளும் அந்தத் திரைதான் ஒரு காலத்தில் கணினியின் முழு முகம். மற்றதெல்லாம் பிறகு அதன்மேல் பூசிய வண்ணம்.

டாஸில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும். கடிதம் தட்டச்சு செய்தால் கடிதம் மட்டும். கணக்குப் போட வேண்டுமா, கடித நிரலை மூடிவிட்டு வர வேண்டும். ஆகவே 'இப்போது என்னென்ன ஓடுகின்றன?' என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. ஒரே பிள்ளை உட்கார்ந்திருக்கும் வகுப்பில் வருகைப் பதிவேடு எதற்கு?

பிழை மட்டும் அன்றும் இருந்தது. வட்டு பழுதா என்று பார்க்கும் 'செக்டிஸ்க்' கட்டளை முதல் டாஸிலேயே உண்டு. இன்றைய விண்டோஸ் 11-இலும் அது அதே பெயரில் இருக்கிறது. நெகிழ்வட்டைச் சரியாகச் செருகாவிட்டால் கணினி மூன்று வழி சொல்லும்: கைவிடு, மறுபடி முயற்சி செய், பொருட்படுத்தாதே. பலர் இதைக் கண்டு குழம்பினார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் செய்தி நம்மிடம் ஒரு முடிவைக் கேட்டது. வாசித்தவருக்கு வழி இருந்தது.

எதற்கும் மசியாமல் கணினி உறைந்து போனால்? ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி அதற்கு ஒரு வழி வைத்தார். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கணினி புதிதாகத் தொடங்கும். கைதவறிப் பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே தள்ளித் தள்ளி இருக்கும் பொத்தான்களைத் தேர்ந்தெடுத்தார். 2001-இல் அந்தக் கணினியின் 20-ஆம் ஆண்டு விழா மேடையில் பில் கேட்ஸை அருகில் வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: இதைக் கண்டுபிடித்தவன் நானாக இருக்கலாம், இதைப் பிரபலமாக்கியவர் பில்தான் என்று. அரங்கம் சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. 1990-இல் விண்டோஸ் 3.0 வந்தது. பல நிரல்களை ஒரே நேரத்தில் திறந்து வைக்கலாம் என்றார்கள். ஆனால் கணினிக்குள் இருந்த ஏற்பாடு நம் பள்ளி ஆண்டு விழா மேடை மாதிரி. ஒரே மைக். பேசி முடித்தவர் தாமாக அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். எல்லாரும் நாகரிகமானவர்களாக இருந்தால் விழா நன்றாக நடக்கும். ஒரே ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாவிட்டால்? விழா அங்கேயே நின்றுவிடும். அப்படித்தான் ஒரு நிரல் கெட்டால் முழுக் கணினியும் உறைந்தது.

இதை மாற்றியவர் டேவ் கட்லர். டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தில் பெரிய கணினிகளுக்கான விஎம்எஸ் இயங்குதளத்தை உருவாக்கிய குழுவின் தலைவர். 1988-இல் மைக்ரோசாஃப்டுக்கு வந்தார். அவர் குழுவின் உழைப்பில் 1993-இல் விண்டோஸ் என்டி வெளியானது. இதில் மைக் முறை இல்லை, மணி முறை. பாடவேளை முடிந்தால் மணி அடிக்கும், ஆசிரியர் பாதிப் பாடத்தில் இருந்தாலும் வெளியே வர வேண்டும், அடுத்தவர் உள்ளே போவார். யாருடைய நல்லெண்ணத்தையும் நம்பி இருக்க வேண்டாம். ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி நினைவகம் என்பதால், ஒன்று கெட்டால் மற்றதைக் கெடுக்காது. இன்று நம் மேசையில் இருக்கும் விண்டோஸ் அந்த என்டியின் வழி வந்ததுதான்.

என்டியிலும் கறுப்புத் திரை இருந்தது. அதன் முதல் வடிவத்தை எழுதியவர் தெரீஸ் ஸ்டோவெல் என்ற பெண்மணி. 'கமாண்ட் பிராம்ப்ட்' என்று இன்று நாம் திறப்பது அவர் தொடங்கி வைத்ததன் தொடர்ச்சி.

பல நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கியதும் பதிவேடு தேவைப்பட்டது. ஓடும் ஒவ்வொரு நிரலையும் 'பிராசஸ்' என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, நம் வருகைப் பதிவேட்டில் இருக்கும் வரிசை எண் மாதிரி. கணக்காசிரியர்கள் ரசிக்க ஒரு செய்தி: இன்றைய விண்டோஸில் இந்த எண்கள் எல்லாம் 4-இன் மடங்காகவே இருக்கும். பார்த்துச் சொல்லுங்கள்.

இந்தப் பதிவேட்டைப் படமாகக் காட்டும் 'டாஸ்க் மேனேஜர்' 1996-இல் விண்டோஸ் என்டி 4.0-உடன் வந்தது. டேவ் பிளம்மர் என்ற பொறியாளர் வீட்டில் தம் சொந்த நேரத்தில் எழுதியது அது. நன்றாக இருக்கிறதே என்று நிறுவனம் சேர்த்துக்கொண்டது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இன்றும் அது திறக்கும்.

அதே வேலையைச் சொற்களால் செய்யும் இரண்டு கட்டளைகள் 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி புரொபஷனலுடன் வந்தன. 'டாஸ்க்லிஸ்ட்' என்று தட்டினால் ஓடும் நிரல்களின் பெயர், எண், அவை பிடித்திருக்கும் நினைவகம் எல்லாம் வரிசையாக வரும். 'டாஸ்க்கில்' என்று தட்டி எண்ணைக் கொடுத்தால் அந்த நிரலை நிறுத்தும். படம் இருக்கும்போது சொல் எதற்கு என்று கேட்கலாம். டாஸ்க் மேனேஜரே திறக்காத அளவுக்குக் கணினி திணறும்போதும் கறுப்புத் திரை திறக்க வாய்ப்பு உண்டு. மேலும், நூறு கணினிகளில் ஒரே வேலையைச் செய்ய வேண்டுமானால் நூறு முறை மவுஸைச் சொடுக்க முடியாது. கட்டளையை ஒரு முறை எழுதி வைத்தால் போதும்.

டாஸ்க்கில் கட்டளையில் ஒரு நுட்பம் உண்டு. சும்மா கொடுத்தால் 'தயவுசெய்து மூடிக்கொள்' என்று நிரலிடம் வேண்டுகோள் போகும். அது கோப்பைச் சேமிக்கலாமா என்று நம்மிடம் கேட்டுவிட்டு மூடும். கூடவே சாய்கோடும் 'எஃப்' எழுத்தும் சேர்த்தால் அது கட்டாயம். கேள்வி இல்லை, உடனே நிறுத்தம். சேமிக்காத வேலை போய்விடும். விண்டோஸின் மைய நிரல் ஒன்றை அப்படி நிறுத்தினால் கணினியே நீலத் திரையாகி நின்றுவிடும். ஆகவே முதலில் வேண்டுகோள், முடியாதபோது மட்டும் கட்டாயம். வகுப்பறையிலும் அதுதானே முறை?

இந்தச் சொற்கள் லட்சக்கணக்கானவர்களுக்குக் கை கொடுத்த ஒரு சம்பவம் 2003-இல் நடந்தது. விண்டோஸில் ஓர் ஓட்டை இருப்பதைக் கண்டு மைக்ரோசாஃப்ட் ஜூலை 16 அன்று திருத்தம் வெளியிட்டது. பலர் அதை நிறுவவில்லை. ஆகஸ்ட் 11 அன்று 'பிளாஸ்டர்' என்ற புழு அந்த ஓட்டை வழியே பரவியது. இணையத்தில் இணைந்த கணினி திடீரென்று '60 வினாடியில் அணைந்து மீண்டும் தொடங்கும்' என்று அறிவிக்கும். எண் இறங்கிக்கொண்டே வரும். அணையும், மீண்டும் எழும், மீண்டும் 60 வினாடி. திருத்தத்தைப் பதிவிறக்கக்கூட நேரம் கிடைக்காது. நிறுத்தும் பொத்தான் திரையில் எங்கும் இல்லை.

ஆனால் சொல் ஒன்று இருந்தது. 'ஷட்டவுன்' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் 'ஏ' எழுத்தும் சேர்த்தால் எண்ணிக்கை நின்றுவிடும். 'கைவிடு' என்பதன் ஆங்கில முதல் எழுத்து அது. டாஸ் காலத்து மூன்று வழிகளில் முதல் வழியும் அதே சொல்தான்! எண்ணிக்கை நின்றபின் பதிவேட்டைத் திறந்து 'எம்எஸ்பிளாஸ்ட்' என்ற நிரலை நிறுத்தி, திருத்தத்தை நிறுவினார்கள். செய்தியை வாசித்தவர்களும் அந்தச் சொல்லைத் தெரிந்தவர்களும் தப்பித்தார்கள்.

சரி, பதிவேட்டையே ஒருவர் திருத்தி வைத்தால்? அதுவும் நடந்தது. மார்க் ரஸினோவிச் என்ற நிபுணர், பிரைஸ் காக்ஸ்வெல் என்ற நண்பருடன் சேர்ந்து விண்டோஸின் உள்ளே நடப்பதைக் காட்டும் கருவிகளை இலவசமாக வெளியிட்டு வந்தார். 2005 அக்டோபரில் தம் கணினியில் ஏதோ ஒன்று ஒளிந்திருப்பதைக் கண்டார். தேடிப் போனால், காசு கொடுத்து வாங்கிய ஓர் இசைத்தட்டு அதை நிறுவியிருந்தது. பாடலை நகலெடுக்காமல் தடுப்பதற்காக சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் தட்டுகளில் வைத்த நிரல் அது. குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் எந்தக் கோப்பையும் எந்த பிராசஸையும் பட்டியலில் தெரியாமல் மறைத்துவிடும். அக்டோபர் 31 அன்று அவர் இதை எழுதியதும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் அவருடைய நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. அவர் கருவிகள் இன்றும் இலவசம்.

என் கணினிக்குள் என்ன ஓடுகிறது என்று அறியும் உரிமை எனக்கு உண்டா இல்லையா? அந்தச் சம்பவம் எழுப்பிய கேள்வி இதுதான். அதனால்தான் இதை வெறும் தொழில்நுட்பமாக நான் பார்ப்பதில்லை.

பழுது பார்க்கும் கட்டளைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிரலை நிறுவும்போது அது விண்டோஸின் பொதுக் கோப்பு ஒன்றைத் தன் பழைய பிரதியால் மாற்றிவிடும். அதனால் வேறொரு நிரல் படுத்துவிடும். 1990-களில் இது தீராத் தலைவலி. இதற்காக 'சிஸ்டம் ஃபைல் செக்கர்' என்ற கருவி விண்டோஸ் 98-இல் வந்தது. விண்டோஸ் 2000-இல் அது 'எஸ்எஃப்சி' என்ற கட்டளையானது. கணினியில் உள்ள முக்கியக் கோப்புகளை மூலப் பிரதியோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் சரியானதை வைக்கும். விடைத்தாளை விடைக்குறிப்போடு வைத்துத் திருத்துவது போலத்தான். விடைக்குறிப்பே கெட்டிருந்தால்? அதைச் சரிசெய்யும் வசதியை 'டிஸ்ம்' என்ற கட்டளையில் 2012-இல் விண்டோஸ் 8-உடன் சேர்த்தார்கள்.

இதற்கிடையில் மைக்ரோசாஃப்டுக்கு உள்ளேயே ஒரு விவாதம். படமும் மவுஸும்தான் எதிர்காலம், எழுத்துக் கட்டளை பழைய காலம் என்று பலர் நினைத்தார்கள். ஜெஃப்ரி ஸ்னோவர் என்பவர் ஒத்துக்கொள்ளவில்லை. 2002-இல் தம் கருத்தை ஓர் அறிக்கையாகவே எழுதினார். 2006-இல் 'பவர்ஷெல்' வெளியானது. இன்று பெரிய நிறுவனங்களில் விண்டோஸ் கணினிகளைப் பராமரிப்பவர்களுக்கு அது அன்றாடக் கருவி. பழையது என்று ஒதுக்கியது புதுப்பொலிவோடு திரும்பி வந்தது.

2024 ஜூலை 19 உங்களுக்கு நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பால் உலகெங்கும் கணினிகள் நீலத் திரையாகி நின்றன. நம் நேரப்படி காலை 9.39-க்கு அந்தக் கோப்பு வெளியானது. 10.57-க்குள் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஒன்றேகால் மணி நேரம்தான்! அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம்.

அதற்கு மருந்து என்ன? ஒரே ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் விண்டோஸே எழும்பாத கணினியில் எப்படி அழிப்பது? ஊழியர்கள் கணினி கணினியாகப் போய், மீட்புப் பகுதிக்குள் நுழைந்து, அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து, கோப்பை அழிக்கும் கட்டளையைத் தட்டினார்கள். வட்டு பூட்டப்பட்டிருந்த இடங்களில் 48 இலக்க மீட்பு எண்ணை முதலில் கொடுக்க வேண்டியிருந்தது. 21-ஆம் நூற்றாண்டின் பெரிய கணினி முடக்கத்துக்கு 1981-ஆம் ஆண்டு முறையில்தான் பலர் தீர்வு கண்டார்கள்.

இனி, இதை ஏன் எழுதினேன் என்பதற்கு வருகிறேன்.

எனக்குத் தெரிந்த, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியைக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. 'உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, நாங்கள் விண்டோஸ் நிறுவனத்திலிருந்து பேசுகிறோம்' என்றார்கள். கறுப்புத் திரையைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு சொல்லைத் தட்டச் சொன்னார்கள். எழுத்துகள் ஓடின. 'பாருங்கள் டீச்சர், எவ்வளவு வைரஸ்!' என்றார்கள். அவர் நடுங்கிப் போய்ப் பணம் அனுப்பிவிட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவர் படிப்பில் குறைந்தவர் அல்ல. அந்தத் திரை என்ன சொல்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

இந்த மோசடிக்காரர்கள் உலகம் முழுவதும் பயன்படுத்துவது மூன்று நான்கு பழைய கட்டளைகளைத்தான்.

'ட்ரீ' என்று தட்டச் சொல்வார்கள். அது உங்கள் கோப்புறைகளைக் கிளை கிளையாகக் காட்டும். வேறெதுவும் இல்லை. அதை 'வைரஸ் தேடுகிறோம்' என்பார்கள்.

'நெட்ஸ்டாட்' என்று தட்டச் சொல்வார்கள். 'ஃபாரின் அட்ரஸ்' என்று ஒரு பத்தி வரும். 'வெளிநாட்டுக்காரன் உள்ளே நுழைந்துவிட்டான்' என்பார்கள். மறுமுனையில் இருக்கும் கணினியின் முகவரி என்பதுதான் அதன் பொருள். நீங்கள் செய்தித்தாளின் இணையதளத்தைத் திறந்து வைத்திருந்தாலும் அப்படித்தான் காட்டும்.

'அசோக்' என்று ஒலிக்கும் இன்னொரு கட்டளை, கோப்பு வகைகளின் பட்டியல் தரும். அதில் ஒரு நீண்ட எண் இருக்கும். அவர்கள் முன்கூட்டியே அந்த எண்ணைச் சொல்லி, 'உங்கள் உரிம எண் எங்களிடம் இருக்கிறது, சரிபாருங்கள்' என்பார்கள். சரியாகவே இருக்கும். ஏனென்றால் எல்லா விண்டோஸ் கணினியிலும் அதே எண்தான்!

டாஸ்க் மேனேஜரில் 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' 95 விழுக்காடு என்று காட்டினாலும் பயப்படாதீர்கள். கணினி சும்மா இருக்கும் நேரத்தைத்தான் அது சொல்கிறது. எண் பெரிதாக இருந்தால் கணினி ஓய்வாக இருக்கிறது என்று பொருள்.

மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்தியில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது. அவர்களாக உங்களை அழைக்கவும் மாட்டார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.

ஒரு சிறு வீட்டுப்பாடம் தருகிறேன். இன்று உங்கள் கணினியில் தேடும் இடத்தில் 'சிஎம்டி' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி அந்தத் திரையைத் திறங்கள். 'டாஸ்க்லிஸ்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதி என்டர் கொடுங்கள். ஒன்றும் கெடாது. அது கேள்வி கேட்கும் கட்டளை, எதையும் மாற்றும் கட்டளை அல்ல. வரும் பட்டியலில் உங்களுக்குத் தெரிந்த பெயர் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எண்கள் 4-இன் மடங்கா என்றும் பாருங்கள். நிறுத்தும் கட்டளை, அழிக்கும் கட்டளை பக்கம் மட்டும் தெரிந்தவர் துணையோடு போங்கள்.

எத்தனை பெயர்கள் தெரிந்தன என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். தனியாக வசிக்கும் மூத்தவர்கள் யாராவது உங்கள் உறவில் இருந்தால், அடுத்த முறை போகும்போது அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை இதைத் திறந்து காட்டுங்கள். பத்து நிமிடம் போதும்.